உப்பு நடந்துபோன தெரு

திருச்செங்கோட்டில் சின்னப்பாவடித் தெரு என்றொரு தெரு, அந்தத் தெருவில் இருபத்தாறு வீடுகள், பதினேழாவது வீட்டில் சம்பூர்ணம், சம்பூர்ணத்தின் வீட்டில் இரண்டு கிரைண்டர்கள். அந்தக் கிரைண்டர்கள் இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளும் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அதனால் சம்பூர்ணம் நாற்பத்து நான்கு வயதுவரை கடலைப் பார்த்ததில்லை.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், இதுதான்: காலையில் அரிசியும் உளுந்தும் ஊறப்போட வேண்டும், மத்தியானம் ஆட்ட வேண்டும், சாயங்காலம் ஐந்து மணிக்கு நான்கு தெருக்காரர்கள் மாவு வாங்கத் தூக்குப்போசியோடு வந்து வாசலில் நிற்பார்கள். மூன்று முறை வேன் பேசி, புளிசாதம் கட்டி, துண்டும் மாற்றுத்துணியும் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பியபோது, மூன்று முறையும் யாரோ ஒருவர் வாசலில் வந்து நின்று, "அப்ப நாளைக்கு இட்டிலிக்கு என்னங்க்கா பண்றது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் மூன்று முறையும் புளிசாதத்தை வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அவள் வீட்டுக்காரர் அர்த்தநாரி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவர். நாடெங்கும் துளை போட்டுவிட்டு மழைக்காலத்துக்கு வீடு திரும்புவார். அவர் ஏழெட்டுக் கடற்கரைகளைப் பார்த்திருந்தார்.

"கடல்ல என்ன இருக்குது? தண்ணிதான். அதையும் குடிக்க முடியாது" என்பார்.

"பாத்தவங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்பாள் சம்பூர்ணம்.

கடலுக்குத் தான் போக முடியாதென்றால் கடல் தன்னிடம் வரட்டும் என்று அந்த ஆவணி மாதம் அவள் முடிவு செய்தாள். ஈரோட்டில் வண்ணமீன் கடை வைத்திருந்த ஸ்டீபனிடம் போய், இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமுமாக ஒரு கண்ணாடித் தொட்டியும், அதற்கு ஒரு குட்டி மோட்டாரும், ஒரு விளக்கும், ஒரு மூட்டை மணலும், ஒரு பை கடலுப்பும், கடலுக்கடியில் கிடந்த துளைத்துளையான ஆறு கல்லும் வாங்கினாள். உப்பின் அளவைக் காட்டும் கண்ணாடி மிதவை ஒன்றையும் ஸ்டீபன் கையில் கொடுத்தான்; அதில் ஒரு பச்சைக் கோடு இருந்தது.

"இந்தக் கோட்டுல நிக்கணுமுங்கக்கா. மேலயும் கூடாது, கீழயும் கூடாது. அப்புறம், தொட்டி சின்னது, வேலை லேசுன்னு நெனைச்சுறாதீங்க. பெரிய தொட்டில ஒரு தப்பு பண்ணினா கரைஞ்சு போயிரும். சின்னதுல பண்ணினா அப்படியே நிக்கும்."

"சரி கண்ணு, மீனு?"

"மீனு இப்ப இல்லைங்க. நாப்பது நாள் கழிச்சு வாங்க. ஒரே ஒரு மீனு தர்றேன்."

"நாப்பது நாள் வெறுந்தண்ணியவா பாத்துக்கிட்டு உக்காருவாங்க?"

"அது வெறுந்தண்ணி இல்லைங்கக்கா" என்று ஆரம்பித்து ஸ்டீபன் நீளமாக ஏதோ சொன்னான், ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தான். அதற்குள் திருச்செங்கோடு பஸ் வந்துவிட்டது. தாள் சம்பூர்ணத்தின் இடுப்புச் சுருக்குப் பையில் இருந்தபடியே அன்று மாலை துவைக்கப்பட்டது.

ஆவணியில் கடைசி முகூர்த்தம் வருகிற புதன்கிழமை. அதை விட்டால் புரட்டாசி, புரட்டாசியில் யாரும் குடிபோவதில்லை. மீனாக இருந்தாலும் புது வீட்டுக்குக் குடிபோகிறது என்றால் நாள் பார்க்க வேண்டாமா என்று தெருவில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஐப்பசிக்குத் தள்ளியிருந்தால் ஸ்டீபன் சொன்ன நாற்பது நாளும் கழிந்திருக்கும். ஆனால் பந்தல்காரரிடம் சொல்லியாகிவிட்டது.

ஆக, புதன்கிழமை காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் தொட்டிக்குப் புண்ணியார்ச்சனை நடந்தது. புதுவீட்டுக்குச் செய்யும் எதுவும் குறையவில்லை. தொட்டி ஈசான்ய மூலையில், கிழக்கு ஜன்னலுக்கு நேர் கீழே, காலை வெயில் முழுசாக விழுகிற இடத்தில் வைக்கப்பட்டது. கண்ணாடியின் நான்கு மூலையிலும் சந்தனமும் குங்குமமும். தண்ணீரில் மங்களத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள். கடல் கல் நாற்றமடித்ததால் சம்பூர்ணம் அதை வெந்நீரில் புளிபோட்டு, பித்தளைக் குடம் தேய்ப்பதுபோலத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தாள். உப்பை மட்டும் அவள் யாரையும் தொடவிடவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அண்டா அண்டாவாக மாவுக்கு உப்புப் போட்ட கை அது. ஒரு நாளும் ஏறியதில்லை, இறங்கியதில்லை. மிதவையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையால் அள்ளிப் போட்டாள். பை தீர்ந்தபோது சமையலறை டப்பாவிலிருந்து கல்லுப்பு அள்ளிப் போட்டாள்.

சீர் வந்தது. குடிபுகும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் அந்தத் தெருவுக்கு இல்லை. மீன் வீட்டுக்கு மீனைத் தவிர வேறென்ன சீர் வைப்பது? மூன்றாம் வீட்டு ரத்தினசபாபதி, அரசு பஸ்ஸில் முப்பத்து நான்கு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நீலமாக ஒன்று கொண்டுவந்தார். இருபதாம் வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கும் ஜமீலா மஞ்சளாக இரண்டு கொண்டுவந்தாள். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஈரோட்டுக்குப் போய் ஸ்டீபனிடம் வாங்கியிருந்தார்கள். தொட்டி எவ்வளவு பெரிசு என்று அவன் கேட்டபோது ஒவ்வொருவரும், "அது கெடக்குது வாசக்கால் உசரத்துக்கு" என்று கையைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். சம்பூர்ணம் ஸ்டீபனுக்குத் தெரியாமல் வேறொரு கடையில் வாங்கிய ஆரஞ்சு உடம்பும் வெள்ளைப் பட்டையுமான மீனோடு சேர்த்து மொத்தம் பதினோரு மீன்கள் அந்த முகூர்த்தத்தில் குடிபுகுந்தன. பட்டை போட்ட மீன் வேட்டி கட்டினாற்போல் இருந்ததால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயராயிற்று.

அதற்கப்புறம் விருந்து. மாவு வாங்க வருகிறவர்கள் எல்லாம் கூடத்துக்கு வந்து, கண்ணாடியில் மூக்கை வைத்து, "சாப்பிட்டீங்களா?" என்று மீன்களைக் கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சும்மா போக முடியுமா? ஒரு சிட்டிகை தீனி போட்டார்கள். நான்கு தெருக்காரர்கள், ஆளுக்கொரு சிட்டிகை.

இரண்டாம் நாள் தண்ணீர் பாலில் நீர் கலந்தாற்போல் மங்கியது. மூன்றாம் நாள் கண்ணாடியில் பச்சைப் பாசி படர்ந்தது. நான்காம் நாள் கண்டக்டர் கொண்டுவந்த நீல மீன் பக்கவாட்டில் மிதந்தது. எட்டாம் நாள் பதினோரு மீனில் மாப்பிள்ளை மட்டும் மிஞ்சியது. ஒவ்வொரு மீனையும் செம்பருத்திச் செடியின் கீழே புதைத்தபோது சம்பூர்ணம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடல் வீட்டுக்கு வந்து எட்டு நாளில் அவள் பத்துச் சாவு பார்த்துவிட்டாள்.

இதற்கிடையில் தொட்டித் தண்ணீர் தினமும் இரண்டு விரற்கடை குறைந்தது. தண்ணீர் குறைந்தால் அதிலிருந்த உப்பும் கூடவே போயிருக்கும் என்று நினைத்து, அவள் ஊற்றிய ஒவ்வொரு சொம்பு தண்ணீரிலும் ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்தே ஊற்றினாள். ஒன்பதாம் நாள் உப்பு டப்பா காலியாக இருந்தது. நாளைக்கு ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அன்று மத்தியானம் தெருவில் இருந்த உப்பு கிளம்பி நடந்து வந்தது.

முதலில் புறப்பட்டது மூன்றாம் வீட்டு உப்பு. ஜாடியின் மூடி ஒருக்களித்துத் திறந்ததையும், ஒரு கல் உப்பு விளிம்பில் ஏறி நின்று, கீழே இறங்கி, அலமாரிப் பலகை ஓரமாகவே நடந்து, அதன்பின் இன்னொன்று, அதன்பின் இன்னொன்று என்று வரிசையாகச் சுவரிறங்கி வாசற்படி தாண்டித் தெருவுக்குப் போனதையும் ரத்தினசபாபதி சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தபடியே பார்த்தார். வரிசை இடதுபுறமாகவே போனதில் அவருக்குத் திருப்தி. அப்படியே இருபத்தாறு வீட்டிலிருந்தும் இருபத்தாறு வெள்ளைக் கோடுகள் வந்து தெருவில் சேர்ந்து ஒன்றாகி, சுவரோரம் வழக்கமாகப் போகும் எறும்புகள் ஒதுங்கி வழிவிட, பதினேழாம் வீட்டின் கதவிடுக்கில் நுழைந்து, மேசைக்காலில் ஏறி, சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் இறங்கின.

கிரைண்டரை வழித்துக்கொண்டிருந்த சம்பூர்ணம் நிமிர்ந்து பார்த்து, வருகிறவர்களை அழைத்து அழைத்துப் பழகிய வாயால், "வாங்க, வாங்க" என்றாள்.

தெரு மறுநாளே பழகிக்கொண்டது. கோலம் போடுகிறவர்கள் வெள்ளைக் கோட்டுக்கு இடம் விட்டுப் புள்ளி வைத்தார்கள். தெருக் கூட்டுகிறவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை என்று கூட்டினார். உப்பை மிதிக்கக்கூடாது என்று யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சைக்கிள்காரர்கள் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக் கடந்து, மறுபடி ஏறிப் போனார்கள். தெருவின் ஒரு கோடியில் டிரான்ஸ்பார்மர், மறு கோடியில் பிள்ளையார் கோயில். இந்த இரண்டுக்கும் நடுவில் உப்பு யாருக்கும் நிற்கவில்லை, இரண்டையும் தாண்டினால் நின்றது. அதனால் மத்தியானம் ஒரு மணிக்குத் தெருவே சோற்றுத் தட்டோடு டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் போய், பொட்டலத்தைப் பிரித்து உப்பைப் போட்டுக்கொண்டு நின்றபடி சாப்பிட்டது. பிறகு நாற்காலிகள் வந்தன. பிறகு ஒருவர் தட்டை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள், கொல்லைச் சுவர்த் தகராறில் ஆறு வருஷமாகப் பேசாதிருந்த எட்டாம் வீடும் ஒன்பதாம் வீடும் கத்தரிக்காய்ப் பொரியலும் கீரைக் கூட்டும் மாற்றிக்கொண்டன.

வியர்வையிலிருந்தும் உப்பு போயிற்று. லாரிக்காரர்கள் சட்டை முதுகில் வெள்ளைக் கோடே விழவில்லை. கண்ணீரிலிருந்தும் போயிற்று, கண் எரியாததால் ஒன்பதாம் வீட்டுச் சின்னப்பெண் முன்னைவிட அதிக நேரம் அழுதாள். ரத்தினசபாபதிக்குப் பதினைந்து வருஷமாக நூற்றெழுபதில் நின்ற ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு இறங்கியது. டாக்டர் கருவியைத் தட்டிப் பார்த்தார், தன் கையிலேயே கட்டிப் பார்த்தார், பிறகு தன் மாமனாரைக் கூட்டிவந்து அந்தத் தெருவில் ஒரு மாதத்துக்கு வீடு கிடைக்குமா என்று விசாரித்தார்.

ஆனால் ஜமீலாவின் நாற்பது ஜாடி எலுமிச்சையும் மாங்காயும் ஒரே பகலில் உப்பிழந்து, மூன்றாம் நாள் பூசணம் பூத்தன. சம்பூர்ணத்தின் மாவும் சப்பென்று ஆகி, மற்றத் தெருக்காரர்கள் தூக்குப்போசியை வேறு பக்கம் திருப்பினார்கள். பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட நாள் குறித்தாயிற்று.

கூட்டத்தன்று காலையில் சம்பூர்ணம் ஸ்டீபனுக்குப் போன் போட்டாள். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"கல்லை வெந்நில கழுவினீங்களா?"

"புளி போட்டு."

ஸ்டீபன் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது.

"அக்கா, அந்தக் கல்லுலதாங்க கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருந்துச்சு. மீனு போடற அசிங்கம் விஷமாகாம அதுங்கதான் தின்னு தீக்கும். அதுங்க பெருகத்தான் நாப்பது நாள். அதுக்கு முன்னால மீனை விட்டா, மீனு தன்னோட அசிங்கத்துலயே செத்துப்போகும். அப்புறம், உப்பு ஆவியாப் போகாதுங்க. தண்ணி மட்டுந்தான் போகும். கொறையறதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும்."

ரசம் வற்றினால் கரிக்கும் என்று சம்பூர்ணத்துக்குத் தெரியாதா? பத்து வயதிலிருந்து தெரியும்.

"அப்ப நான்தான் தெனமும் அதுக்கு உப்பை ஊட்டி ஊட்டிப் பழக்கிட்டேன். ஒரு நா ஊட்டலைன்னதும் அதுவே வாங்கிக்குது."

"அப்படியுமிருக்குமுங்க" என்றான் ஸ்டீபன். "ஆனா ஒண்ணு. எல்லாத் தண்ணியயும் ஒரே நாள்ல மாத்திறாதீங்க. அந்த ஒரு மீனும் போயிரும். தெனம் கொஞ்சம் எடுங்க, கொஞ்சம் ஊத்துங்க."

போனை வைத்துவிட்டு அவள் திரும்பிப் பார்த்தபோது, முந்தின நாள் ஆட்டிய மாவு அண்டாவில் இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள்; ஒன்றும் தெரியவில்லை. என்றைக்குமே ஒன்றும் தெரிந்ததில்லை. தெரியாத ஏதோ ஒன்று உள்ளே வந்து குடியிருந்து பெருகினால்தான் இட்டிலி. அதை அவசரப்படுத்த முடியாது என்று எத்தனை புது மருமகள்களுக்கு அவள் வாசலில் நின்று சொல்லியிருப்பாள்!

கூட்டத்தில் ஜமீலாதான் முதலில் எழுந்தாள்.

"என்ற ஊறுகா நாப்பது ஜாடி போச்சு. அக்கா மேல எனக்குக் கோவமில்லைங்க. ஆனா அந்தத் தொட்டியத் தூக்கிச் சாக்கடைல ஊத்தணும். இன்னிக்கே ஊத்தணும்."

"அதெப்படி ஊத்தறது? என்ற உடம்பு இப்பத்தான் தேறி வருது" என்றார் ரத்தினசபாபதி.

"உங்க பிரசருக்காக ஊரே சப்புன்னு திங்கோணுமாங்க அண்ணா?"

"நாக்குக்கு என்னம்மா, எதையும் பழகிக்கும்."

"அப்ப டிரான்ஸ்பார்மர்கிட்ட வந்து மூணு அப்பளம் ஏன் வாங்கித் தின்னீங்க நேத்து?"

கூட்டம் சிரித்தது. கண்டக்டர் துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டார். சாக்கடையில் ஊற்றிவிடலாம் என்கிற பக்கம்தான் கை அதிகமாக உயர்ந்தது. அப்போது அர்த்தநாரி எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஊத்தறது லேசுங்க. நம்ம தெரு போர் முன்னூத்தம்பது அடி. நாந்தான் போட்டது. சாக்கடைல ஊத்தினா அந்த உப்பு நேரா அதுக்குள்ளதான் எறங்கும். அப்புறம் குடிக்கற தண்ணி கரிக்கும், கரிக்கும், நம்ம பேரன் காலத்துக்கும் கரிக்கும்."

உயர்ந்திருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சம்பூர்ணம் எழுந்து நின்றாள்.

"எனக்கு ஒரு மண்டலம் குடுங்க. நாப்பத்தெட்டு நாள். தெனம் ரெண்டு லிட்டர் எடுத்து பாட்டில்ல அடைச்சு வெக்கறேன். ரெண்டு லிட்டர் நல்ல தண்ணி ஊத்தறேன். அதுக்குள்ள உப்பு நடக்கறது நிக்கலைன்னா, மாப்பிள்ளைய ஸ்டீபன்கிட்டக் குடுத்துட்டுத் தொட்டிய நானே ஒடைக்கறேன்."

நாற்பது நாள் என்று சொல்லியிருந்தால் தெரு ஒப்புக்கொண்டிருக்காது. மண்டலம் என்றதும் ஒப்புக்கொண்டது. மலைக்கு மாலை போட்டவர்களும், முருகனுக்கு விரதம் இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். விரதம் என்றால் நியமம் வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள், அவளும் சொன்னாள்: ஜன்னலுக்குத் திரை. பைப்புத் தண்ணியை ஒரு நாள் பானையில் வைத்து, மருந்து வாடை போனபிறகே ஊற்றுவது. மிதவையைச் சாமி படத்திடமிருந்து திரும்ப வாங்குவது. மாப்பிள்ளைக்குக் காலையில் ஒரு சிட்டிகை, அதிலும் பாதி. அதையும் சம்பூர்ணம் மட்டுமே போடுவது.

"மாப்பிள்ளைக்குப் பாதிச் சிட்டிகையா?" என்று தெருவே அதிர்ந்தது. "வெளிய தெரிஞ்சா நம்ம மானம் என்னாகறது?"

"தெரியாமப் பாத்துக்குங்க" என்றாள் சம்பூர்ணம்.

மண்டலம் புரட்டாசி நடுவில் தொடங்கியது. முதல் நாள் எடுத்த பாட்டிலில் பாதிக்குமேல் உப்பே படிந்திருந்தது. ஒவ்வொரு பாட்டிலிலும் நாளின் எண்ணை எழுதி மாடிப்படிக்குக் கீழே அடுக்கினாள். பார்க்க ஒன்றுமில்லாத தொட்டியைப் பார்க்கத் தெரு தினமும் வந்தது; கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தது. பத்தாம் நாள் வெள்ளைக் கோடு விரல் தடிமனுக்கு இளைத்தது. இருபதாம் நாள் நூலாயிற்று, கோலமாவு சிந்தினாற்போல் அங்கங்கே விட்டுவிட்டு வந்தது. இருபத்தாறாம் நாள் எட்டாம் வீட்டுச் சாம்பாரில் லேசாக உப்பு இருப்பதாகச் சொன்னார்கள்.

இருபத்தொன்பதாம் நாள் காலை கோடு கயிறு மொத்தத்துக்குத் தடித்திருந்தது. தண்ணீர் மங்கியிருந்தது. மாப்பிள்ளை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

சம்பூர்ணம் குனிந்து மணலைப் பார்த்தாள். கல்லிடுக்கில் வெள்ளையாக, மெலிசாக, ஊறிப்போன சேமியா கிடந்தது.

"யாரு?" என்று வாசலில் நின்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் இருபத்தாறு வீட்டுக்கும் கேட்டது. எல்லாரும் கண்டக்டரைப் பார்த்தார்கள்.

"என்னைய ஏனுங்க பாக்கறீங்க? நான் விதிய மீறினவனா? முப்பத்து நாலு வருஷத்துல ஒருத்தனுக்கு அரை டிக்கெட் சேத்துக் கிழிச்சதில்லை!"

"நாந்தாங்க்கா" என்றாள் ஜமீலா.

தொட்டியைச் சாக்கடையில் ஊற்றச் சொன்ன அதே ஜமீலா, மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஊறுகாய் போட வழியில்லாமல் மத்தியானங்களில் சும்மா இருந்ததால் வந்து உட்கார்ந்து பார்த்தாளாம். மூன்று நாளாக.

"கண்ணாடிகிட்ட வந்து என்னையவே பாக்குதுங்க்கா. பசிக்குதுன்னு வாயத் திறந்து சொல்லுது. பச்சைப்புள்ளைய எப்படிப் பட்டினி போடறது?"

"அது அப்படித்தான் வாயத் திறக்கும் ஜமீலா. மூச்சு விடறதே அப்படித்தான்" என்ற சம்பூர்ணத்துக்கு அதற்குமேல் திட்ட வரவில்லை. முதல் எட்டு நாள் அவளே எத்தனை சிட்டிகை போட்டிருப்பாள்!

மண்டலம் முறிந்ததா, முதலிலிருந்து எண்ண வேண்டுமா என்று தெரு மூன்று நாள் வாதாடியது. சம்பூர்ணம் வாதத்துக்குப் போகவில்லை. சேமியாவைக் குழாய் வைத்து ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தாள், அன்றைய பாட்டிலில் எண்ணை எழுதினாள், "பொங்கறப்பக் கலக்கிவிட்ட மாவு கொஞ்சம் தாமசமாப் பொங்கும், அவ்வளவுதான். அஞ்சு நாள் சேத்து எண்ணிக்கலாம்" என்றாள். அந்த மூன்று நாளும் மாப்பிள்ளை மேலேயே கிடந்தது. அவள் மாவு ஆட்டிய நேரம் போக மீதி நேரமெல்லாம் முக்காலியைப் போட்டுக்கொண்டு அதன் முன் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் காலை அது கீழே இறங்கி, கல்லைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றியது.

ஐம்பத்து மூன்றாம் நாள், கார்த்திகை மாதம், மிதவை பச்சைக் கோட்டில் நின்றது. தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்திருந்தது. புளிபோட்டுக் கழுவிய கல்லில் ஊதா நிறம் திட்டுத்திட்டாகப் பூத்திருந்தது. வெள்ளைக் கோடு பதினேழாம் வீட்டு வாசற்படிவரை வந்து, உள்ளே வராமல், திரும்பவும் போகாமல், அப்படியே நின்றது.

மாடிப்படிக்குக் கீழே ஐம்பத்து மூன்று பாட்டில்கள் இருந்தன. தெருவின் உப்பெல்லாம் அதற்குள் இருந்தது. சாக்கடையில் ஊற்ற முடியாது. வீட்டில் வைக்க முடியாது. வைத்திருக்கும்வரை வாசலில் நிற்கும் உப்பு நகரப்போவதில்லை.

"அது எங்க போகணுமோ அங்கதான் கொண்டுபோய் விடணும்" என்றார் அர்த்தநாரி, கூரையைப் பார்த்துக்கொண்டு. "ஆறு மணி நேரம். பூம்புகார்."

சம்பூர்ணம் கிரைண்டரைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். அப்ப நாளைக்கு இட்டிலிக்கு என்ன பண்றது என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. ரத்தினசபாபதி ஒரு அட்டையில், இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, 'இன்று மாவு இல்லை' என்று எழுதிக் கதவில் தொங்கவிட்டார்.

சாவியை ஜமீலாவிடம் கொடுத்தாள் சம்பூர்ணம்.

"என்னையவா நம்பறீங்க்கா?"

"உன்னையத்தான்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேன் கிளம்பியது. ஐம்பத்து மூன்று பாட்டில், பத்தொன்பது பேர், ஒரு அண்டா புளிசாதம். அது நான்காவது புளிசாதம். கண்டக்டர் படிக்கட்டில் நின்று விசிலடித்தார், ஆட்களை எண்ணினார், பாட்டில்களை எண்ணினார், கரூரிலும் திருச்சியிலும் கும்பகோணத்திலும் மறுபடி எண்ணினார்.

பகல் பன்னிரண்டுக்குக் கடல் தெரிந்தது. மற்றவர்கள் ஓடினார்கள். சம்பூர்ணம் ஓடவில்லை, வேனுக்குப் பக்கத்திலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, யாருடைய வீட்டுக் கூடத்துக்குள்ளோ நுழைவதுபோல மெதுவாக நடந்து, முதல் அலை காலைத் தொடும் இடத்தில் நின்றாள். இரண்டடி நீளம், ஓரடி அகலம் என்று மூன்று மாதமாகப் பழகிய கண்ணுக்கு, அந்தப் பக்கக் கண்ணாடி எங்கே என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒன்று, இரண்டு என்று எண்ணின் வரிசைப்படியே பாட்டில்களைத் திறந்து ஊற்றினார்கள். சாம்பாரின் உப்பு, ஊறுகாயின் உப்பு, லாரிக்காரர் முதுகின் உப்பு, ஒன்பதாம் வீட்டுச் சின்னப்பெண் கண்ணின் உப்பு எல்லாம் அலையில் இறங்கிப் போயிற்று. ஐம்பத்து மூன்றாவது பாட்டிலைக் கவிழ்த்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஜமீலா.

"அக்கா, வாசல்ல நின்ன உப்பு திரும்பிப் போயிருச்சு. அவங்கவங்க வீட்டுக்கு, வரிசையா. என் கண்ணுக்கும் வந்துருச்சு."

"கண்ணுக்கா? எப்படித் தெரியும்?"

"அழுதேன். கரிச்சுது."

"ஏண்டி அழுதே?" சம்பூர்ணம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "மாப்பிள்ளைக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க்கா. நல்லாத்தான் இருக்குது. காலைல இருந்து வாயத் திறந்து திறந்து என்னையப் பாக்குது" என்று விசும்பினாள் ஜமீலா, "நான் ஒண்ணுமே போடலைங்க்கா."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு சம்பூர்ணம் குனிந்தாள். மாவில் உப்புப் பார்ப்பதுபோல ஆள்காட்டி விரலைக் கடலில் விட்டு, நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படி?" என்றார் அர்த்தநாரி.

"சரியா இருக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏனுங்க, இத்தனை வெயில் அடிக்குதே, இதுலயும் தெனம் தண்ணி கொறையுமில்ல? இதுக்கு யாரு ஊத்தறாங்க?" என்று கேட்டாள்.

அவர் பக்கவாட்டில் கையைக் காட்டினார். கொஞ்ச தூரத்தில் மணல்மேட்டை அறுத்துக்கொண்டு, மழைக்காலத்துச் செம்மண் நிறத்தில் ஆறு வந்து கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"நாம ஈரோடு போறப்பப் பள்ளிபாளையம் பாலத்துக்கு அடில போகுதே, அந்தத் தண்ணிதான்."

சம்பூர்ணம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றோரமாகவே, கடலைவிட்டு நன்றாகத் தள்ளி மேலே நடந்துபோய், ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள். ஒரு கல் உப்பில்லை. அடுத்த வீட்டுக்காரி சமையலை எட்டிப் பார்த்து, பக்குவம் தெரிந்தவள்தான் என்று ஒப்புக்கொள்கிறவளைப்போலத் தலையாட்டினாள்.

"நல்ல தண்ணிதான் ஊத்தறாங்க" என்றாள். பிறகு சேலையை இறக்கிவிட்டு, "சரி, கெளம்பலாமுங்க. நம்ம வீட்டுதுல இந்நேரம் ரெண்டு வெரக்கடை கொறைஞ்சிருக்கும்" என்றாள்.